தூக்கு நிறையக் கடலெண்ணெய்

என் அப்பா வேர்க்கடலையை மூக்கால் எடை போடுகிறவர். திருவொற்றியூரில் எங்கள் கடைக்கு மூட்டை வந்து இறங்கினால் மேலாகக் கிடப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி மோந்து பார்ப்பார். ஈர வாசனை அடித்தால் மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். சரியென்று இறக்கின மூட்டையைக்கூட முறத்தில் பரப்பி, சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளச் சொல்வார். தள்ளினதைக் கோழிக்கும் போடக் கூடாது. "நஞ்சுட்டி அது. கோழி தின்னா முட்டைக்குப் போவும். முட்டைய எவனாவது பச்சப்பிள்ளைக்குக் குடுப்பான்" என்பார். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

இன்னொரு சட்டமும் உண்டு. கடைக்கு இடுப்புப் பிள்ளையோடு யார் வந்தாலும் பிள்ளை கையில் முழுக்கடலை கொடுக்கக் கூடாது. நான் சின்னவளாக இருந்தபோது ஒரு குழந்தைக்குத் தொண்டையில் கடலை சிக்கி, அப்பா அதைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டி வெளியே எடுத்ததைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் ஆடிப்போனது மாதிரி என் கல்யாணச் செய்தி கேட்டபோதுகூட ஆடிப்போகவில்லை. அது வேறு கதை. கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் தெற்கிலிருந்து வந்து கடை வைத்த ஆட்கள். நான் மணலியில் ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை பார்த்தேன். அங்கே கான்ட்ராக்டில் வந்தவரைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் காசிமேட்டுக்காரர், விசைப்படகுக் குடும்பம். கம்பெனி வேலை பிடிக்காமல் ஒரே வருஷத்தில் கடலுக்கே திரும்பிவிட்டார். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், ஆசீர்வாதம் பண்ணினார், சாப்பிடாமல் போனார். அதற்குப் பிறகும் அப்படித்தான். என்றைக்காவது வருவார். வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கேட்டால், "இப்பத்தான் சாப்டுட்டு வாரேன்" என்பார். அவர் குடிக்கிற சோடாவைக்கூடத் தெருமுனையில் தானே வாங்கிக்கொண்டு வருவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவரிடம் சண்டை போட முடியாது, சண்டை போடுவதற்கு அவர் ஒரு வார்த்தை பேச வேண்டுமே!

நான் உண்டானதும் அப்பாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார். முந்திரி வந்தது, பாதாம் வந்தது, கடலை வந்தது. வீட்டில் என்னோடு இருந்தது என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. மீன் ஏலம் கூறுகிறவர். கூடை மீனை நடுவில் வைத்து அவர் குரல் கொடுத்தால் அந்தக் கடைசியில் வலை பின்னுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் கடலைப் பொட்டலத்தைப் பார்த்ததுமே தூக்கி அலமாரி மேல் வைத்தார். கடலை அவர் வாயில் 'கல்ல'தான்.

"இன்னாமே, வவுத்துல புள்ளைய வச்சிகினு கல்ல துன்றியா? பித்தம்! புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கரப்பான் வரும்."

"ஏன் வரும் அக்கா?"

"ஏன்னா? வரும்னா வரும்."

எனக்கு இந்த பதில் ஆகாது. பக்கத்து வீட்டில் கேட்டேன். நல்லா தின்னு, குழந்தைக்கு சத்து என்றார்கள். கூட வேலை பார்த்தவளுக்கு போன் போட்டேன். அம்மா கடலை தின்றால் குழந்தைக்கு அலர்ஜி வரும் என்று போனிலேயே ஒரு வீடியோ அனுப்பினாள். அடுத்த நாளே வேறொருத்தி, தின்னாவிட்டால்தான் அலர்ஜி வரும் என்று வேறொரு வீடியோ அனுப்பினாள். பாதாம் தின்றால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றார் ஒரு அம்மா, அவர் பெற்ற மூன்றும் என்னைவிடக் கறுப்பு. ஒரே ஒரு கொட்டையைப் பற்றி இத்தனை பேருக்கு இத்தனை நிச்சயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வியப்பாகவே இருந்தது. மாதப் பரிசோதனையில் கேட்டபோது நர்ஸம்மா நிமிராமலே, "உனக்கு ஒத்துக்குதா? அப்ப பூஞ்சை இல்லாததா பாத்து அளவா சாப்பிடு" என்றார். அதில் பாதி எங்கப்பா சட்டம். நாத்தனார் ஏலத்துக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து எடுத்துத் தின்றேன். அளவாக என்று சொல்ல மாட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. பால் சுரக்க எனக்குச் சுறாப்புட்டு வைத்து வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் என் மேலேயே சுறா வாசனை அடித்தது. குழந்தைக்குக் கன்னத்தில், முழங்கை மடிப்பில் தோல் வறண்டு சிவந்தது. நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அலமாரி மேல் இருந்த பொட்டலம் காலியானது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதோடு வீட்டுக்குள் கடலைக்குத் தடை. சத்துமாவில்கூடக் கொட்டை எதுவும் சேர்க்கவில்லை.

ஏழாம் மாதம் முதல் மீன். இந்தப் பக்கம் குழந்தைக்கு முதலில் கிழங்கான் மீன்தான். சதை பூப்போல இருக்கும், முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுக் குழம்பிலிருந்து சோற்றில் பிசைந்து ஊட்டுவார்கள். என் மகள் அதை அப்படிச் சப்புக்கொட்டித் தின்றாள். என் வீட்டுக்காரர் கரைக்கு வந்தால் நேராக அடுப்பங்கரைக்கு வந்து கேட்பது, "புள்ள இன்னிக்கு இன்னா மீன் துன்னுச்சு?" என்பதுதான். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மீன் தின்பது என்றால் அது பிள்ளை நம்முடையது என்பதற்குப் போடுகிற கையெழுத்து.

அப்பா சும்மா இருப்பாரா? கடலை கூடாது என்று சொல்லிவிட்டோம், மனிதருக்குக் கை பரபரத்தது. பேத்தியை வெறுங்கையோடு பார்க்க வருவது என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. இனி வறுவலும் ஊட்டலாம் என்று வீட்டில் பேச்சு வந்த மாதம், ஞாயிற்றுக்கிழமை எவர்சில்வர் தூக்கு நிறையக் கடலெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். தானே பொறுக்கின கடலை, தானே கொண்டுபோய் மரச்செக்கில் நின்று ஆட்டினது. மூடியைத் திறந்தால் வறுத்த கடலை வாசனை வீடு பூராவும் சுற்றியது.

"பிள்ளைக்கு மட்டும் வச்சுக்கோட்டி. ஒங்க வீட்ல ரேஷன் பாமாயில்ல பொரிக்கியோ. அது எண்ணெயா? அத என் பேத்திக்குக் குடுத்திராத."

நாத்தனாருக்கே அந்த வாசனை பிடித்துப்போயிற்று. கொட்டைதானே கரப்பான், எண்ணெய்க்கு என்ன என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தூக்கு குழந்தைக்குப் பொரிக்க மட்டும். நாங்கள் எல்லோரும் பாமாயில். அடுத்த மாதம் பழைய தூக்கு போகும், புதிதாக ஆட்டின எண்ணெயோடு வேறு தூக்கு வரும்.

வயது ஒன்று முடிகிற சமயம். முதல் வறுத்த மீன். சங்கரா. முறுமுறு பக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டு உள்சதையை அவளுக்கு ஊட்டினோம். இரண்டு வாய்தான். வாயைச் சுற்றிக் கொசு கடித்த மாதிரித் தடித்தது. கீழுதடு வீங்கிற்று. அரை மணி நேரத்தில் வடிந்தும் விட்டது. நாத்தனார் மீனைக் குனிந்து பார்த்தார். "சங்கரா செவுப்பு மீனு. சூடு. இது ஆவலபோல" என்றார்.

சரி, சங்கரா நிறுத்தம். இரண்டு வாரம் கழித்து நெத்திலி. வயிறு, முதுகு எல்லாம் தடிப்பு. நெத்திலி நிறுத்தம். பிறகு வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. எந்த மீன் ஆகும், எந்த மீன் ஆகாது? தோல் மீனா, செதில் மீனா? ஐஸில் கிடந்ததா, பச்சையா? எந்தப் படகில் வந்தது? படகின் பெயிண்ட் வரைக்கும் சந்தேகப்பட்டார் என் வீட்டுக்காரர். அதற்கு நான் பதில் சொன்னேன், பெயிண்ட் என்றால் எனக்குத் தெரியும் என்ற திமிரோடு. கடைசியில் வஞ்சரம் என்று முடிவானது. "கல்யாண வூட்டு மீனு. அது யாருக்கும் ஒண்ணியும் பண்ணாது" என்றார் நாத்தனார். நல்ல துண்டமாகப் பார்த்து எடுத்து வந்தார்கள். நான் புதுச் சட்டியைக் கழுவித் துடைத்து, அப்பா கொடுத்த எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். குழந்தைக்கு நல்லது என்று.

ஒரு துண்டு உள்ளே போன பத்தாவது நிமிஷம் அவள் முகம் என் மகள் முகமாக இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. தின்றதையெல்லாம் கக்கினாள். அப்புறம் மூச்சில் ஒரு விசில் சத்தம். அந்தச் சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். நாத்தனார் குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் ஓடினார். மீன் ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஒரு ஆட்டோவை அப்படியே குறுக்கே நின்று மறித்தார். "ஆஸ்பத்திரிக்கு வுடு! ஹாரன்லேர்ந்து கை எட்க்காத!" ஆட்டோ முழுக்க ஐஸ் தண்ணீர். நான் பின்னால் உட்கார்ந்து குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கை வைத்துக்கொண்டே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் நின்றது. அன்றைக்கு இருந்த டாக்டரம்மாவிடம், மீன்தான் ஆகவில்லை என்று நாங்களே தீர்ப்போடு சொன்னோம். பரிசோதனைக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்து, அதுவரைக்கும் எந்த மீனும் வேண்டாம் என்றார். என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள், என்ன ஆயிற்று என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. படகுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மீன் ஆகாது! என் வீட்டுக்காரர் அவள் கண் முன்னால் மீன் தின்ன மாட்டேன் என்று ரசம் சோறு சாப்பிட்டார். நாத்தனார், "கடலம்மாவுக்கு இன்னா கோவமோ" என்று முணுமுணுத்தார். ஒரு நாள் ஆற்றாமையில், "நீ கல்லைய துன்னு துன்னு தான்மே இப்டி ஆச்சு" என்றும் சொல்லிவிட்டார். நான் கத்தினேன். பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். ஆனால் உள்ளுக்குள், ஒருவேளை அப்படித்தானோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. நான் தின்றதாலா? இல்லை, அதற்குப் பிறகு அவளுக்குக் கொடுக்காமல் நிறுத்தினதாலா? படுத்தால் அதே கேள்வி, எழுந்தால் அதே கேள்வி.

ஒரு காலையில் குழந்தையைக் காணவில்லை. காணவில்லை என்றால் இரண்டு நிமிஷம். பக்கத்து வீட்டில் தரையில் உட்கார்ந்து அந்த வீட்டம்மா தட்டிலிருந்து வறுத்த மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மசாலா. தட்டில் பாதி மீன் இல்லை. சங்கரா! வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன், அவள் என் விரலைக் கடித்தாள். பக்கத்து வீட்டம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்தார். மூன்று பெண்களும் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம். அரை மணி. ஒரு மணி நேரம். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் மீன் கேட்டாள். ஒன்றுமே ஆகவில்லை.

அப்போதுதான் எனக்குத் தலைக்குள் என்னவோ அசைந்தது. இது எந்த சங்கரா? காலையில் நாத்தனார் கொண்டுவந்த கூடையிலிருந்து அந்த வீட்டுக்குப் போன மீன். எங்கள் வீட்டிலும் அதே மீன்தான் அடுப்பில் இருந்தது. மசாலா? இரண்டு வீட்டுக்கும் ஒரே மிஷினில் ஒன்றாக அரைத்தது. உப்பு, புளி எல்லாம் ஒன்றேதான். நான் அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் போய் நின்றேன். அடுப்பு மேல் கத்தரித்த பாமாயில் பாக்கெட் ஒன்று ஒரு டம்ளரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

டாக்டரம்மா எழுதச் சொன்ன நோட்டை எடுத்து வந்து பார்த்தேன். கிழங்கான் குழம்பு, ஒன்றுமில்லை. அதில் நல்லெண்ணெய். சங்கரா, நெத்திலி, வஞ்சரம் மூன்றும் வறுவல். மூன்றிலும் அப்பாவின் எண்ணெய். வேறு எதையும் அவளுக்கு அதில் பொரித்ததில்லை. லேபில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். வீட்டில் என்ன பண்ணினேன்? மீனை மாற்றினேன், படகை மாற்றினேன், சட்டியை மாற்றினேன். எண்ணெயை மாற்றவில்லை. அது அப்பா கொண்டுவந்தது, சுத்தமானது, அதைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? மீன்காரர்கள் மீனைத்தான் பார்ப்போம். எண்ணெய் எங்கள் கண்ணிலேயே படவில்லை.

அடுத்ததாக நான் செய்யப் பார்த்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூக்கைத் திறந்து விரலை நனைத்தேன். ஒரே ஒரு சொட்டு அவள் உதட்டில் வைத்தால் இப்போதே தெரிந்துவிடும். அவ்வளவு ஆசை, தெரிந்துகொள்ளும் ஆசை. நாத்தனார் பட்டென்று என் கையில் அடித்தார். "அறிவு கீதா ஒனுக்கு? ஆட்டோவுல வந்த சத்தம் மறந்துட்சா?" நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் தூக்கை இறுக மூடி, பழைய துணியில் சுற்றி மேலே வைத்தார். ஒரு காலத்தில் பொட்டலம் இருந்த அதே இடத்தில்.

பரிசோதனை நாள். குழந்தையின் கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். ஒரு மீன், இன்னொரு மீன், இறால், முட்டை, பால், முந்திரி, பாதாம், வேர்க்கடலை. கால் மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக, உருண்டையாகப் பொங்கி வந்தது. சுற்றிலும் சிவப்பு. மற்ற எல்லாம் சமதரை. டாக்டரம்மா என் நோட்டையும் புரட்டிப் பார்த்தார். "வேர்க்கடலை" என்றார். "மீன் ஒண்ணும் பண்ணல. தாராளமா குடுங்க."

"மீனு இல்லமே! மீனு இல்ல!" நாத்தனாரின் ஏலக் குரல் வராந்தா பூராவும் கேட்டது. ஒரு நர்ஸ் வந்து அதட்டினார். இவர் அந்த நர்ஸையே கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு அழுகை வந்தது. ஒரு வீட்டுச் சாமான் தப்பித்தது, இன்னொரு வீட்டுச் சாமான் மாட்டிக்கொண்டது. அந்த இன்னொரு வீடு என் அப்பாவுடையது.

நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எண்ணெயில் எப்படி வரும்? கடலையில் இருக்கிற புரதம்தான் இவளுக்கு எதிரி, கம்பெனியில் சுத்திகரிக்கிற எண்ணெயில் அது கிட்டத்தட்ட இருக்காது, செக்கில் ஆட்டினால் கொஞ்சம் தங்கிவிடும், இவளுக்கு அந்தக் கொஞ்சமே போதும் என்றார். முந்திரி, பாதாம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், ஆனால் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டார். எங்கப்பா கடையில் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கடலை அள்ளுகிற கரண்டியில்தான் முந்திரி அள்ளுவோம், அதே தராசுத் தட்டில்தான் எல்லாம் நிறுப்போம். அப்பா கையே அந்தக் கைதான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். நான் உண்டாகியிருந்தபோது நிறையத் தின்றேன், அதனாலா?

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க தின்னதாலன்னும் சொல்ல முடியாது, குடுக்காம விட்டதாலன்னும் சொல்ல முடியாது. தோல் வறண்டு வெடிச்ச குழந்தைங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் தெரியும். குற்றவாளி தேடாதீங்கம்மா. மூச்சு இழுத்தா ஒரு நிமிஷமும் வீட்ல நிக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, சிலருக்கு வளர வளரப் போயிடும்."

வெளியே வந்ததும் நாத்தனார் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்ல துன்னதாலன்னு சொன்னேன் இல்ல? அத்த மனசுல வச்சிக்காத" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. எனக்கு அதுவே போதும்.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனார். நானும் போனேன். காசிமேட்டில் ஒரு பிள்ளை நடந்து போனால் பத்துப் பேர் பத்துப் பண்டத்தை வாயில் திணிப்பார்கள். பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தில் கடலை உருண்டையும் உண்டு. கூடை விலை போனதும் நாத்தனார் அடுத்த கூடையைத் தொடவில்லை. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "அல்லாரும் பாத்துக்கோங்க! இது என் தம்பி புள்ள! இதுக்கு வேர்க்கல்ல ஆவாது! கல்ல, கல்ல உருண்ட, கல்ல எண்ணெயில போட்டது, எவ குட்த்தாலும் அவ வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்!" ஒரு அம்மா நீட்டிய கையை மடக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார். துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாதது அப்பாவுக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார், தூக்கோடு. நாற்காலியில் உட்காரும் முன்னமே சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. வஞ்சரம், ஆட்டோ, ஊசி, பரிசோதனை. ஆஸ்பத்திரிக்கு ஓடினதை அவரிடம் அதுவரை மறைத்திருந்தோம்.

அவர் முகம் கறுத்தது. "என் எண்ணெய்ல கலப்படம்னு சொல்லுதியா?"

"இல்லப்பா. கலப்படம் இல்லாததுதான்பா பிரச்சினை. சுத்தமா இருக்கதாலதான் ஆகல."

அது எப்படி அவருக்குப் புரியும்? வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கித் தள்ளின மனுஷன். நல்லதைக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கணக்குக் கிடையாது. குழந்தை அவரைப் பார்த்து ஓடி வந்தாள். அவர் கையை நீட்டினார், பிறகு தன் கையையே பார்த்தார். நகக்கண்ணில் கடலைத் தோலின் சிவப்பு. சட்டையில் அதே தூசி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தூக்கை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தார். அவர் தெரு திரும்புகிற வரைக்கும் குழந்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. போன் போட்டால், கடையில் ஆள் இல்லை என்றார். அதற்கு அடுத்த மாதமும் இல்லை. அப்பாவை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு கல்யாணம் பண்ணியே இழக்காதவரை, ஒரு தூக்கு எண்ணெயில் இழந்துவிட்டேன்.

மூன்றாவது மாதம் முதல் ஞாயிறு. நாத்தனார் அடுப்பில் சங்கரா பொரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. தலை ஈரம் காயவில்லை. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. நாற்காலியில் உட்காரவில்லை. படிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமே இல்லை அதில்.

"இன்னைக்குக் கடை தொறக்கல. வீட்ல குளிச்சிட்டு நேரா வாரேன். நகத்துக்குள்ள எல்லாம் பிரஷ் போட்டுத் தேச்சிட்டேன். இந்தச் சட்டை கடைக்குள்ள போனதே இல்ல" என்றார். அப்புறம் குரல் இறங்கிற்று. "பிள்ளையத் தொடலாமாட்டி?"

தலையை ஆட்டினேன். அழுகையில் அதுகூட சரியாக வரவில்லை. என் மகள் யாரையும் கேட்கவில்லை. கையில் மீன் துண்டோடு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். வழக்கம்போல அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். தூக்கு இல்லை, பொட்டலம் இல்லை. தாத்தாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, தன் கையில் இருந்த மீனை அவர் கையில் வைத்தாள். அதோடு விடவில்லை. அவர் கையைப் பிடித்து அவர் வாய்ப்பக்கம் தள்ளினாள்.

இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன். நாத்தனார் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அப்பா மீனைப் பார்த்தார்.

"என்ன எண்ணெய்ட்டி?"

"பாமாயில்பா."

வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார். முள் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இன்னா நைனா, எப்டி கீது?" என்றார் நாத்தனார். அந்த ஏலக் குரல் அன்றைக்கு அடுப்பைத் தாண்டவில்லை.

"உப்பு பத்தல" என்றார் அப்பா. படியேறி உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பேத்தியின் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.